வெள்ளை இலை தேடிப் போன கண்டக்டர்

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் லேப் அக்கா. பத்தொன்பது வருஷமாக அறிவியல் கூடத்தில் உதவியாளர். செய்முறைத் தேர்வுக்காகவே, இலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட செம்பருத்தி ஒன்றை வீட்டுப் பால்கனியில் வளர்த்து வந்தார்.

பித்தப்பையில் கல்லென்று ஆஸ்பத்திரியில் படுத்து, பிறகு தங்கை வீட்டில் உடம்பு தேறுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதுவரை செடி கணவர் பொறுப்பு. அவர் பஸ் கண்டக்டர்.

தேர்வுக்கு முந்தின நாள் வீடு திரும்பிய அக்கா பால்கனியில் திகைத்து நின்றுவிட்டார். செடி முழுக்க ஒரே பச்சை.

"வெள்ளைத் திட்டு இலையெல்லாம் எங்கங்க?"

"நோய் புடிச்ச மாதிரி இருந்துச்சு, கிள்ளிப் போட்டுட்டேன். இப்ப பாரு, எப்படி தளதளன்னு நிக்குது!"

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் அக்காவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"நோய் இல்லீங்க. அந்த இடத்துல பச்சையம் கிடையாது, அவ்வளவுதான். பச்சையம்தான் வெயிலைப் புடிச்சு செடிக்குச் சாப்பாடு பண்ணுது. அதைத்தான் நாளைக்குப் புள்ளைங்க செஞ்சு காட்டணும்."

கண்டக்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம், தேர்வுக்கு அரை மணி முன்னால், டிக்கெட் பையை மார்போடு அணைத்தபடி லேப் வாசலில் வந்து நின்றார். பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய இலைகள், பச்சையும் வெள்ளையுமாக.

"நம்ம ரூட்ல ஒரு பல் டாக்டர் வாசல்ல இந்தச் செடியைப் பார்த்த ஞாபகம், போய்க் கேட்டு வாங்கிட்டேன். காலையிலேர்ந்து நல்லா வெயில் குடிச்ச இலை. நல்லவேளை, பதிலுக்குப் பல்லைக் கேக்கல!"

போக மனமில்லாமல் ஜன்னலோரம் நின்று பார்த்தார். மாணவிகள் இலையைக் கொதிநீரில் முக்கி, பிறகு வெந்நீருக்குள் வைத்த ஸ்பிரிட்டில் போட்டார்கள். பச்சை எல்லாம் ஸ்பிரிட்டில் இறங்க, இலை வெளுத்துப் போனது. அதன்மேல் அயோடின் சொட்டியதும், பச்சையாக இருந்த இடம் மட்டும் கருநீலமானது; செடி சமைத்த மாவுச்சத்து அங்கே இருக்கிறதென்று அர்த்தம். வெள்ளைத் திட்டில் அயோடினின் பழுப்புதான்.

"அட, வெள்ளை ஒண்ணுமே சமைக்கலியே!"

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். "ஐயா, விடையைச் சொல்லாதீங்க!"

கூடமே சிரித்தது. "எங்க வீட்டுக்காரர்தான் சார்," என்ற அக்காவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மிச்சமிருந்த கருநீல இலை ஒன்றை வடிதாளில் ஒற்றி அவர் கையில் கொடுத்து வழியனுப்பினார்.

ஒரு வாரம் அவருடைய பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் டிக்கெட்டோடு பச்சையத்தைப் பற்றிய பாடத்தையும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள்.