மாமாவோடு போன அண்ணன்

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவன். இருபது வயதில் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். ஆனால் அம்மாதான் சோறு ஊட்ட வேண்டும். அவனுக்குத் தெரிந்த சொற்கள் பத்துக்குள் அடங்கிவிடும். யார் எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவான். சொன்னவரே வந்து ‘இறக்கு’ என்று சொல்லாமல் இறக்க மாட்டான். எங்கள் ஊர் போலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருமுறை நெல் மூட்டையைத் தூக்கச் சொன்ன ஆள் டீ குடிக்கப் போய்விட்டார். தலையில் மூட்டையோடு வெயிலிலேயே நின்றான் அண்ணன். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தினமும் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பான், என் பையைச் சுமக்க. வழியில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் யாராவது வந்தால் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பான். எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் சிரித்தபடி திருப்பி அடிப்பார்கள்.

நான் எட்டாவது படித்த வருஷம் அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் தெற்கே போனால் தமிழ்நாட்டு எல்லை. அந்தப் பக்கம் மதுவிலக்கு. இந்தப் பக்கம் சாராயக் கடை திறந்தே இருக்கும். மாமா என்ன தொழில் செய்கிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அண்ணன் பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டில் தொளதொளவென்று ஒரு புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனால் ரப்பர் வாடை, அதனடியில் அழுகிய பழம் மாதிரி இன்னொரு வாடை. அவன் தூங்கும்போது சட்டையை விலக்கிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்திருந்தது. கண் விழித்துவிட்டான்.

“அண்ணே, இது என்னண்ணே?”

வாயில் விரலை வைத்தான். “மாமா” என்றான். அப்படி விரல் வைக்க அவனுக்கு அதற்குமுன் தெரியாது. யாரோ உட்காரவைத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமா எனக்கு ரிப்பன் வாங்கி வந்தார். “பாப்பா நல்ல புள்ள. யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாது” என்றார். நான் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மாமா மட்டும் வந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் செருப்பில்லை.

“எங்கடா என் புள்ள?” என்றாள் அம்மா.

“வந்துருவான்க்கா.”

சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார். அண்ணன் வரவில்லை. விடிந்ததும் அப்பா தேடிப் போனார். மூன்றாம் நாள்தான் கூட்டிவந்தார்.

அங்கே இங்கே விசாரித்துத் தெரிந்ததைச் சுவரைப் பார்த்தபடி அப்பா சொன்னார். லாரி டியூபில் சாராயத்தை நிரப்பி, சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு ஐந்து பேர் வாய்க்கால் கரையில் எல்லை தாண்டியிருக்கிறார்கள். யாரோ விரட்டியதும் நாலு பேர் டியூபை அறுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அண்ணன் ஓடவில்லை. அவனிடம் யாரும் ‘இறக்கு’ என்று சொல்லவில்லை. அடிக்க அடிக்க வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அடித்தது யார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பா பஸ் கண்டக்டர். அடுத்த நாள் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். அண்ணன் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். தரையெல்லாம் ஈரம். அப்பா அப்படியே பின்னால் நகர்ந்து தெருவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு டீக்கடையிலேயே வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். என் பையை நீட்டினால் அண்ணன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு அவனுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. ஏழெட்டு வருஷம் இருந்தான். ஒரு மத்தியானம் வந்த வலிப்பு அவனை எழவிடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். “இடுப்புல காயத்த நான் முன்னாடியே பாத்தேம்மா. சொல்லாம இருந்துட்டேன்.”

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நானும் பாத்தேன்டி” என்றாள். “தாய்மாமன்தானே, பத்திரமா பாத்துக்குவான்னு நெனச்சேன்.”

அப்பாவிடம் நாங்கள் இருவருமே இதைச் சொல்லவில்லை.