ஆறு முருங்கைத் துண்டுகள்

எனக்கு எழுத்து தெரியாது. பஸ்ஸில் ஏறினால் போர்டை நம்பமாட்டேன், கண்டக்டர் வாயைத்தான் நம்புவேன். பேப்பர் வாசிக்கிறவர்களை எழுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் எதிர்வீட்டு பெர்னதெத் ஒரு நாள் வாசித்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதைத்தான் சொல்கிறேன். என் பேத்தி ஆஞ்சலா எழுதுகிறாள். அழகு பண்ணுகிறேன் என்று எதையாவது மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து ஒரு ஆட்டோ நுழையும் அகலம். இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் பெர்னதெத். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். குள்ளம். நடக்கும்போது இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பாள். இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி சமையல்கட்டில் சாப்பாட்டு வண்டி தள்ளின கை அது. வண்டி போனபிறகும் கை கீழே இறங்கவில்லை.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பாள். பந்தியில் உட்கார்ந்தால் தன் இலையைவிட எதிர் இலையைத்தான் அதிகம் பார்ப்பாள். ஒருமுறை சர்ச்சில் ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்தில் பக்கத்துத் தெரு ரெமிஜியஸ் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் இலையைப் பார்த்துவிட்டு, அவர் சம்சாரத்திடம் போய், "உங்க வீட்டுக்காரரோட இடது கடவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வாரம் ரெமிஜியஸ் கன்னம் பன்னு மாதிரி வீங்கி, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். என்னிடமும் ஒரு நாள் கேட்டாள்.

"சாந்தக்கா, மூணு நாளா ஊறுகாயைத் தொடல. வயித்தெரிச்சலா?"

"என் தட்டு, என் வயிறு. உன் வேலையப் பாருடி" என்றேன். வயிற்றெரிச்சல்தான். ஒத்துக்கொள்ளவில்லை.

கொரோனா இரண்டாவது தடவை வந்ததே, அந்த மே மாசம். கடை காலை ஆறிலிருந்து பத்து வரைதான். மளிகைக்கு மமதா கடை. வாசலில் கயிறு கட்டி, தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, உள்ளேயிருந்தே சாமானைத் தள்ளுவாள். என்னைக் கண்டாலே, "ஹோகி அஜ்ஜி, மனெகெ ஹோகி!" என்று கன்னடத்தில் வீட்டுக்கு விரட்டுவாள், வயசானவர்கள் வெளியே வரக்கூடாதாம். நானா கேட்பேன்? துவரம்பருப்பு ஆளுக்கு ஒரு கிலோதான் என்றால், அந்தப் பருப்பை என் விரலால் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? ஆஞ்சலா போனில் ஆர்டர் போட்டுக் கூடையில் வரவழைத்தாள் ஒரு நாள். கத்திரிக்காய் முழுக்கப் பூச்சி. அன்றோடு சரி. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு நானே போனேன்.

அந்தச் சமயத்தில்தான் மூலைவீட்டு மாடியில் இருக்கிற அப்பாதுரைக்கு வந்துவிட்டது. அறுபத்து மூணு வயசு. அடுகோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். சம்சாரம் தவறி நாலு வருஷம். மகன் கிளெமென்ட் பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. அவனுக்கும் அதே வாரம் வந்து, அங்கேயே ரூமில் அடைந்து கிடந்தான். போனில் அழுதான். "பெரியம்மா, அப்பாவப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? சோறுதான். மத்தியானம் நான், காலையும் ராத்திரியும் பெர்னதெத் என்று பிரித்துக்கொண்டோம். மாடிக்கு வெளியே இரும்புப் படி, அப்பாதுரையே வெல்டிங் வைத்தது. படி உச்சியில் ஒரு ஸ்டூல். அதில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்து இறங்கிவிட வேண்டும். கொண்டுபோவது பெர்னதெத். அந்த மார்ச்சில்தான் அவள் ரிட்டையர் ஆனாள், ஆஸ்பத்திரி ஆள் என்பதால் இரண்டு ஊசியும் ஆகியிருந்தது.

முதல் நாளே சண்டை. நான் காகிதத் தட்டு எடுத்தேன், தின்றதும் அவர் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டுவிடலாமே என்று. பெர்னதெத் முடியவே முடியாது என்றாள்.

"எவர்சில்வர் தட்டுல குடுங்கக்கா. திரும்பி வரணும்."

"நோய்த் தட்டு திரும்பி வரணுமா? உனக்கு புத்தி இருக்கா? ஊரே பயந்து சாவுது."

"என் வாசலுக்குத்தான் வரும். இடுக்கியால எடுப்பேன், கொதிக்கிற தண்ணியில போடுவேன். உங்க வாசப்படிகூடத் தாண்டாது."

"எதுக்குடி உனக்கு இந்த வேல?"

"அவரு என்ன மிச்சம் வெக்கிறாருன்னு நான் பாக்கணும்."

போகட்டும், இவளுக்கு ஊரார் தட்டு பார்க்கிற வியாதி ஊருக்கு வந்த வியாதியைவிடப் பெரிசு என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் தட்டு துடைத்த மாதிரி வந்தது. கிளெமென்ட் ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற மெஷின் ஒன்றை ஆள் மூலம் அனுப்பியிருந்தான். எவ்வளவு காட்டுகிறது என்று பெர்னதெத் கீழே நின்று போனில் கேட்பாள். "தொண்ணூத்தாறு" என்பார். நல்ல நம்பர் என்று ஆஞ்சலா சொன்னாள். நிம்மதியாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் பீன்ஸ் பொரியல், ரசம், சோறு கொடுத்தேன். மாலை பெர்னதெத் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, பொரியல் அப்படியே வந்திருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. காலை ஏழு மணிக்கு மமதாவிடம் திட்டு வாங்கி, ஒவ்வொரு பீன்ஸாக ஒடித்துப் பார்த்து வாங்கிவந்த காய். நேரே போனைப் போட்டேன்.

"ஏம்ப்பா, என் பொரியல்ல என்ன குறை?"

"குறையில்லக்கா. ருசியே தெரியல." குரல் சின்னதாக இருந்தது.

அடுத்த நாள் சுண்டல் வைத்தேன். அதுவும் திரும்பி வந்தது. ராத்திரி பெர்னதெத் கொடுத்த சப்பாத்தி ஓரத்தில் ஒரு பிய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ரசம் சோறு காலி, மோர் காலி. எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாக்கு இவ்வளவு நீளுமா? இனிமேல் வெறும் கஞ்சிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெர்னதெத் கோபப்படவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் நின்று யோசித்தாள்.

"அக்கா, ருசி போச்சுன்னா எல்லாம் ஒண்ணுதானே? ரசமும் ஒண்ணு, சுண்டலும் ஒண்ணு. இவரு மெல்ற சாமானை மட்டும் தள்றாரு."

"பல் வலியா இருக்கும். அதுதானே உனக்குத் தெரிஞ்ச வைத்தியம்."

"பல்லா இருந்தா ஒரு பக்கமாவது மென்னிருப்பாரு. இது வேற." மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "காலையில கேட்டாலும் தொண்ணூத்தாறு, சாயங்காலம் கேட்டாலும் தொண்ணூத்தாறு. மெஷின் அப்படி ஒரே இடத்துல நிக்காதுக்கா. வார்டுல பாத்திருக்கேன். ஏறும், எறங்கும்" என்றாள்.

"பொய் சொல்றாருங்கிறியா?"

"தெரியாது. நாளைக்கு முருங்கைக்காய் சாம்பார் வைங்க."

"நோயாளிக்கு முருங்கைக்காயா? மெல்ற சாமானைத் தள்றாருன்னு நீயே சொல்ற!"

"அவருக்கு உசிர் அது. கல்யாணப் பந்தியில மத்தவங்க இலையிலேருந்துகூட கேட்டு வாங்கித் திம்பாரு. ஆறு துண்டு போடுங்க. எண்ணிப் போடுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முருங்கைக்காய் என்று சொல்லியாகிவிட்டதே, அதை இன்னொருத்தி வைக்க விடுவேனா? காலையில் மமதா கடைக்குப் போனேன். கடையில் இல்லை. "முருங்கை பேக்கா? பின்னால மரத்துல இருக்கு அஜ்ஜி, பறிச்சுத் தரேன், மொதல்ல வட்டத்துக்குள்ள நில்லு" என்று கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் தமிழாகக் கத்திவிட்டு, பின்பக்கம் போய் இரண்டு காய் பறித்து வந்தாள். முறுக்கிப் பார்த்தேன். பிஞ்சும் இல்லை, முத்தலும் இல்லை. ஆறு துண்டு. விரல் நீளம். பருப்பைக் குழைய விட்டு, சின்ன வெங்காயம் போட்டு, நானே சொல்லக்கூடாது, சந்து முழுக்க மணந்தது.

பெர்னதெத் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தட்டை ஸ்டூலில் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் ஏறிப் போய் எடுத்துவந்தாள். வழக்கமாகக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குத்தான் கொண்டுபோவாள். அன்றைக்குப் போகவில்லை. வாசலில் வெயில் விழுகிற இடத்தில் தட்டைக் கல்மேல் வைத்து, குந்தி உட்கார்ந்தாள். நான் என் வாசலில் நின்றபடி கழுத்தை நீட்டினேன்.

"இங்க பாருங்கக்கா. இது மொதத் துண்டு."

இடுக்கி முனையால் தொட்டுக் காட்டினாள். மென்று மென்று பஞ்சாகிப் போன சக்கை. சாறு ஒரு சொட்டு மிச்சமில்லை.

"இது ரெண்டாவது. ஒரு பாதிதான் மென்னிருக்காரு, இந்த நுனியில பச்சை அப்படியே இருக்கு. மூணாவது பல்லுலயே படல. விரலால பொளந்து வழிச்சிருக்காரு, நகக்கீறல் பாருங்க. நாலாவது ஒரே ஒரு கடி, அப்புறம் கீழ வெச்சுட்டாரு. அஞ்சும் ஆறும் தொடவே இல்ல. ஆனா அதைச் சுத்தி சோத்தை ஒதுக்கி ஒதுக்கி வெச்சிருக்காரு. திங்க ஆசை. எடுத்து எடுத்துப் பாத்திருக்காரு."

எனக்கு அது ஒரு எச்சில் தட்டு. அவளுக்கு அதில் ஒரு மனுஷன் உட்கார்ந்து சாப்பிடுவது முழுக்கத் தெரிந்தது. எங்கே வாயை மூடினான், எங்கே நிறுத்தினான், எங்கே மலைத்தான், எல்லாம். கோயிலில் சாமியார் பைபிளைத் திறந்தால் அந்தக் கறுப்புப் புள்ளிகளிலிருந்து பேச்சு வருமே, சின்ன வயசில் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் அன்றைக்குத்தான் அப்படி நின்றேன்.

"முருங்கைக்காயை மெல்லணும்னா வாயை மூடணும்க்கா" என்றாள், எழுந்துகொண்டே. "வாயை மூடினா இவரால மூச்சு விட முடியல. மொதத் துண்டுக்கு இருந்த மூச்சு நாலாவதுக்கு இல்ல."

மாஸ்க்மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு படி ஏறினாள். நானும் கீழ்ப்படி வரை போனேன். ஆஞ்சலா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். மேலே கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேச்சு நடந்தது.

"மெஷினை மாட்டி ஜன்னல்கிட்ட காட்டுங்கண்ணா."

"தொண்ணூத்தாறுதாம்மா."

"காட்டுங்க. என் கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு பெர்னதெத், "எண்பத்தேழு" என்றாள். நான் கீழே படியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாதுரை பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று. "போனவங்க... யாரும்... திரும்பி வரலியே, பெர்னதெத். பக்கத்து லைன் ஆளு... பிளாஸ்டிக்ல சுத்திட்டாங்க... மூஞ்சியக்கூட காட்டல. இங்கேயே... இருந்துடறேன்."

நான் என்றால் அழுதிருப்பேன். அவள் அதட்டினாள். "இந்தப் படிக்கு நீங்கதானே வெல்டிங் வெச்சீங்க? ஏறுறதுக்கு மட்டுமா வெச்சீங்க? எறங்குங்க. அஞ்சாவது துண்டும் ஆறாவது துண்டும் பாக்கி இருக்கு. அக்கா வேற கோபமா இருக்காங்க."

எனக்கும் ஒரு குரல் வந்தது. "ஆமா! என் சாம்பாரை வீணாக்கிட்டு எங்கயும் போகக்கூடாது நீ!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. கிளெமென்ட் பொம்மசந்திராவில் படுத்தபடியே ஐம்பது போன் போட்டிருப்பான். நாலு மணிக்கு ஓர் இடத்தில் படுக்கை கிடைத்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்த ஆட்டோ சந்துக்குள் வந்தது. அப்பாதுரை தன் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். பதினான்கு படிக்கு மூன்று தடவை உட்கார்ந்தார். மூக்கில் குழாயை வைத்ததும் ஆட்டோ சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். பெர்னதெத் கை இரண்டையும் முன்னால் நீட்டியபடியே ஆட்டோ பின்னால் சந்து முனை வரை நடந்துபோனாள்.

திரும்பி வந்ததும் அந்தத் தட்டை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன், ஆஞ்சலாதான் எடுக்க வேண்டும். பதின்மூன்றாம் நாள் அவர் வந்தார். பாதி ஆளாக, தாடியோடு. படியில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தார்.

மூன்று வாரம் போனபிறகு மமதா கடைக்குப் போய் முருங்கைக்காய் கேட்டேன். அன்றைக்கு அவள் விரட்டவில்லை, மரத்திலிருந்து நல்லதாகப் பார்த்துத் தானே பறித்துக்கொடுத்தாள். ஆறு துண்டு போட்டேன். பெர்னதெத் கொண்டுபோனாள். தட்டு வந்தது. அவள் வெயிலில் குந்தினாள். இந்தத் தடவை நான் சந்தைத் தாண்டிப் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ஆறு சக்கையும் தட்டு ஓரத்தில் வரிசையாக. ஆறும் பஞ்சு, ஒன்றில் மட்டும் கொஞ்சம் நார்.

மேலேயிருந்து அப்பாதுரை கூப்பிட்டார். "என்னம்மா, பாஸா?"

பெர்னதெத் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "மூணாவது சரியா மெல்லலியே அண்ணா."

"அது முத்தல் காய்டி" என்றேன் நான். "அவரு மேல தப்பு சொல்லாத. மமதா மேல சொல்லு."

அது முத்தல்தான். வேண்டுமானால் அப்பாதுரையைக் கேட்டுப் பாருங்கள்.