ஈரம் புகாத பெட்டி

நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில், தைவானில் சின்ச்சு நகரத்து ஆய்வுக்கூடத்தில்.

பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தில் எல்.இ.டி. விளக்கு செய்வது எங்கள் வேலை. பளிச்சென்று எரியும், சீக்கிரம் செத்துப்போகும். துளி ஈரம் பட்டாலே போச்சு. அதனால் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் செய்வோம். பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டு வேலை செய்யவேண்டும்.

அந்த விளக்கை இருநூறு மணி நேரம் எரியவைத்தவள் என் ஜூனியர் ஃபான் பெய்யூ. ஸ்கூட்டர் விபத்தில் போய்விட்டாள். அதைப் பற்றி அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரை எடுத்துவிட்டு, என் பெயரில் ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பினேன். அயோக்கியத்தனம்தான், மறுக்கவில்லை.

இதழிலிருந்து பதில் வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அந்த இருநூறு மணி நேரத்தை மறுபடி செய்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் கட்டுரையும் இல்லை, முனைவர் பட்டமும் இல்லை.

இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க அதன்மேல் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம். பெட்டிமேல் இருந்தது பெய்யூ வைத்தது, அவள் பெயரோடு. அதையும் அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

"செத்தவ பொட்டலத்தக்கூட விடமாட்டீங்களாண்ணே?" என்றான் கூட வேலை செய்யும் போகாய்.

"வாய மூடிட்டுச் சாப்பிடப் போடா."

போய்விட்டான். நான் மட்டும்.

12:40. விளக்கு எரிந்தது. பச்சை வெளிச்சம்.

12:46. அணைந்தது.

அடுத்த விளக்கு. ஆறு நிமிடம்.

அதற்கடுத்தது... ஆறே நிமிடம்.

கையை உருவிக்கொண்டேன். உள்ளே வாயு அழுத்தம் இருப்பதால், கையை எடுத்ததும் கையுறைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். யாரோ உள்ளிருந்து கை நீட்டுவது மாதிரி. பழகிய காட்சிதான்.

1:03. வலது கையுறையின் சுண்டுவிரல் மடங்கியது.

நான் தொடவில்லை.

சர்ர்க்... ரப்பர் உரசும் சத்தம். ஐந்து விரலும் மடங்கின. என் சட்டையைப் பிடித்தன.

"பெய்யூ... உன் பேரப் போட்டுடறேன்..."

பிடி இறுகியது.

சட்டை கிழியக் கிழிய ஓடினேன்.

வெள்ளிக்கிழமை போனது. கட்டுரையும் போனது. திங்களன்று பெட்டியைச் சோதிக்க வந்த பொறியாளர், எங்குமே ஓட்டை இல்லை என்றார். ஆனால் உள்ளே பதிவான ஈரம் ஏறி ஏறி இறங்கியிருந்தது. நிமிடத்துக்குப் பதினாறு முறை.

"உள்ள யாரோ மூச்சு விட்ட மாதிரில்ல இருக்கு?" என்று சிரித்தார்.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன். பார்த்துச் சொன்னார்.

போன மாதம் ஒன்பதாம் தேதி, காலை 11:22. நான் கட்டுரையை அனுப்பிய நிமிடம்.