கஜானா அதிகாரியின் முகம்

மொன்றியலில் நான் பார்த்த முதல் வேலை, ஓவியங்களில் வர்ணத்துக்கு அடியில் இருப்பதைப் படம் பிடிப்பது. ஒளியியல் தொழில்நுட்பம் படித்திருந்தேன். நகர் நடுவிலிருந்த ஒரு கலைக்கூடத்தின் நிலவறையில் எனக்கு ஒரு மேசையும் சில விளக்குகளும் ஓர் அகச்சிவப்புக் கமெராவும் தந்திருந்தார்கள். கலைக்கூடம் ஏற்கவிருக்கும் ஓவியம் எதுவும் முதலில் என்னிடம் வரும். வெள்ளை ஒளி, சாய்ந்த ஒளி, புற ஊதா, அகச்சிவப்பு. இந்த ஒழுங்கை நான் மாற்றியதில்லை. படம் அழகா என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு பனிக்காலத்தில், தஞ்சாவூர்ப் படம் ஒன்று வந்தது. பலாப் பலகை, பொன் தகடு, கண்ணாடிக் கற்கள், நடுவில் வெண்ணெய்ப் பானையோடு கிருஷ்ணன். வலது ஓரத்தில் தலைப்பாகையும் வெள்ளை அங்கியும் அணிந்த ஒருவர் கைகூப்பி நிற்கிறார். மராட்டிய மன்னர் காலத்தில் அரண்மனைக் கஜானாவைப் பார்த்த அதிகாரி என்று படத்தோடு வந்த குறிப்பில் இருந்தது. மன்னர் படம் வரைவிப்பதைக் கண்டு அதிகாரிகளும் ஆளுக்கொன்று வரைவித்தார்கள் என்றும், மன்னர் நிற்கும் ஓரத்தில் தாங்கள் நின்றுகொண்டார்கள் என்றும் எங்கள் காப்பாளர் சொன்னார். அவர் கியூபெக்காரப் பெண்; ஆசியப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு.

படத்தைக் கொடுக்க வந்தவர் அந்த அதிகாரியின் வம்சத்தவர். நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக வாழ்ந்த, எழுபதைத் தாண்டிய பெண். வீட்டை விட்டுவிட்டு ரொறொன்ரோவில் மகனுடன் இருக்கப் போகிறார். படத்தைப் பட்டுச் சேலையில் சுற்றி, அதன்மேல் படுக்கை விரிப்பைச் சுற்றி, டாக்சியில் தானே கொண்டு வந்தார்.

"நீ தமிழாம்மா?"

"ஓம் அன்ரி. யாழ்ப்பாணம்."

"ஆமான்னு சொல்றதுக்கு ஓமா? என்ன பக்தி!" என்று சிரித்தார். பிறகு படத்து மனிதரைக் காட்டினார். "இவர் சொல்லித்தான் இந்தப் படத்தையே செஞ்சாங்க. பையன் வீட்ல இதை மாட்ட மாட்டான், மருமகளுக்குச் சுவரெல்லாம் காலியா இருக்கணும். எனக்குப் பணம் வேணாம், பாராட்டு வேணாம். இங்க சுவத்துல அவர் பேர் வரணும். செய்யச் சொன்னவர் இன்னார்னு. அவ்வளவுதான்."

அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

புற ஊதா ஒளியில் பிற்காலத்து வர்ணம் கறுப்பாகத் தெரியும். அதிகாரியின் முகமும் தலைப்பாகையும் கறுப்பாக இருந்தன. கழுத்துக்குக் கீழே கறுப்பு எதுவும் இல்லை. அகச்சிவப்பில், அந்த முகத்துக்கு அடியில் இன்னொரு முகம் வந்தது. ஒடுங்கிய நாடி, காதில் பெரிய கடுக்கன், வேறு விதமாகக் கட்டிய தலைப்பாகை. வேறு ஆள். அங்கியும் கூப்பிய கைகளும் அவருக்காகவே வரையப்பட்டவை. மூன்று முறை எடுத்தேன். மூன்றிலும் அவர் இருந்தார்.

காப்பாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அரசவையில் ஒருவர் பதவியிலிருந்து விழுந்தால் அவர் சேர்த்ததெல்லாம் அந்த இடத்துக்கு எழுந்தவர் வீட்டுக்குப் போய்விடும் என்றார். எங்கள் தரவுத்தளத்தில் 'வரைவித்தவர்' என்று ஒரு கட்டமும் 'முன்பு வைத்திருந்தவர்கள்' என்று ஒரு கட்டமும் உண்டு. கஜானா அதிகாரியை முதல் கட்டத்திலிருந்து எடுத்து இரண்டாவதிலும், முதலாவதில் 'பெயர் தெரியாதவர்' என்றும் போடச் சொன்னார். போட்டேன்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில், சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"தலையை மட்டுமோ மாத்தினவர்? உடுப்பு?"

"உடுப்புப் பழசுதான் அம்மா."

"சரியான கஞ்சன். கஜானாவை அந்தாளிட்டக் குடுத்தது பிழையே இல்லை."

அடுத்த வாரம் அந்தப் பெண் நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட வந்தார். காப்பாளர் என்னையும் மேல்மாடி அறைக்கு அழைத்திருந்தார். மேசையில் படமும் அதன் அருகே என் அகச்சிவப்புப் பிரதியும் இருந்தன. காப்பாளர் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு இது?"

"தெரியாது அன்ரி. முதல் செய்விச்ச ஆள்."

தன் கையைப் படத்தின் கைகளுக்கு அருகே கொண்டுபோனார். "இந்த நீள விரல் நம்ம வம்சத்து விரல்னு எங்கம்மா சொல்வாங்க. அப்ப இந்தக் கை?"

"அதுவும் முதல் ஆளின்ர. கையில ஒண்டும் மாத்தேல்லை."

கையை மடியில் வைத்துக்கொண்டார்.

காப்பாளர் பெயர்ப்பலகையின் வாசகத்தை வாசித்தார். பெயர் தெரியாத அரசவை அதிகாரி ஒருவர் வரைவித்தது. பின்னர் கஜானா அதிகாரி இன்னாரின் கைக்கு வந்து, அவர் தம் முகத்தை வரைவித்துக்கொண்டது. நீங்கள் கேட்டபடி பெயர் வருகிறது என்றும் சொன்னார். அது உண்மைதான்.

முகத்தைப் பற்றிய பகுதியை மட்டும் நீக்க முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். முடியாது. பிரதியையாவது பக்கத்தில் மாட்டாமல் இருக்க முடியுமா? பார்வையாளர்கள் பார்க்க விரும்பப்போவதே அதைத்தான் என்றார் காப்பாளர்.

"நீ சொல்லும்மா. மாட்டினா யாரைப் பார்ப்பாங்க?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம். "அடியில இருக்கிறவரை."

"இவர் இவ்வளவு காலமா அந்த ஆளை மறைச்சு வச்சிருக்காரு. நானே கொண்டாந்து காட்டிக் குடுக்கணுமா?"

கையெழுத்திடாமல் பேனாவைக் காப்பாளர் பக்கமாக நகர்த்தினார். கோபம் இல்லை. நன்றி சொன்னார், காப்பாளரின் கையைக் குலுக்கினார்.

படத்தை நான்தான் சுற்றினேன்: முதலில் சேலை, பிறகு விரிப்பு. வாசல்வரை தூக்கி வந்தேன். டாக்சிக்காகக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றோம்.

"அந்தப் போட்டோவை அழிச்சிடுவியா?"

"எடுத்ததை அழிக்கிறேல்லை அன்ரி. ஆனா படம் எங்கட இல்லைத்தானே, ஒருத்தருக்கும் காட்ட மாட்டம்."

"காட்டாம இருந்தா போதும்." வெளியே நழுவியிருந்த சேலை மூலையை விரிப்புக்குள் செருகினார். "பேர் வரணும்னுதான் கொண்டாந்தேன். இப்படி வர்றதுக்கு வராமலே இருக்கட்டும்."

டாக்சி வந்தது. பின் இருக்கையில் முதலில் படத்தை வைக்கச் சொல்லி, பக்கத்தில் தான் உட்கார்ந்து, இருக்கைப் பட்டியை இழுத்துப் படத்துக்கு மாட்டினார். கீழே போய்த் தரவுத்தளத்தில் 'ஏற்கப்படவில்லை' என்று பதிந்தேன். இரண்டு கட்டங்களும் தாமாகவே காலியாயின.