வாசலுக்கு வெளியே நின்ற வகுப்பு

டோலோரஸ் வ்ரோபெல் ஞானஸ்நானம் பெற்றது, புதுநன்மை வாங்கியது, எட்டாம் வகுப்புவரை படித்தது எல்லாம் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில், எஃகு ஆலைக்குப் பின்னாலிருந்த போலந்துக்காரர்களின் கத்தோலிக்கக் கோவிலிலும் அதன் பள்ளியிலும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உள்ளே போவாள். திங்கட்கிழமை வந்துவிட்டால் கோவில் பள்ளியின் படியை மிதிக்க முடியாது. அவள் அரசுப் பள்ளி நிர்வாகத்தில் சம்பளம் வாங்கும், பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்கான பேச்சுப் பயிற்சி ஆசிரியை. அரசாங்கச் சம்பளக்காரர்கள் மதப் பள்ளிக்குள் போய்ப் பாடம் நடத்தக் கூடாதென்று நீதிமன்றம் தடுத்திருந்த காலம் அது. அதனால் தெருவோரம் ஒரு வேனை நிறுத்தி, கோவில் பள்ளிப் பிள்ளைகளை அதற்குள் வரவழைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பனி கொட்டும் நாட்களில் அவர்கள் கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதி வகுப்பு கரைந்துவிடும்.

இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் மீன் விருந்துக்குக் கோவில் கூடத்தில் நுழையும்போதெல்லாம் யாராவது கிண்டல் செய்வார்கள்.

"என்ன டோலோரஸ், உள்ள வந்துட்டே? ஜட்ஜ் அய்யாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தியா?"

"மீன் திங்கத் தடை இல்லையாம், கேட்டுட்டேன்" என்பாள் அவள்.

அந்தக் கூட்டத்தில் அவள் பக்கத்தில் எப்போதும் உட்காருபவள் ஐரீன் பிலார்ஸ்கி. சின்ன வயதிலிருந்து ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஐரீனின் மகள் ரெனாட்டா கோவில் பள்ளியில் படித்தாள்; எட்டு வயதாகியும் அவள் பேசுவது பெற்றவளுக்கு மட்டுமே விளங்கியது. சொற்கள் பாதியில் அறுந்துவிடும். மற்றவர் வேகமாகப் பேசினால் அவளுக்குப் பிடிபடாது. வாரத்துக்கு இரண்டு முறை வேனுக்கு வருவாள். ஒரு பனிக்காலம் முழுவதும் உழைத்து நாலைந்து ஒலிகள் திருந்தும். கோடை விடுமுறை முடிந்து வந்தால் மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பிள்ளைக்குத் தினமும் பயிற்சி வேண்டுமென்று டோலோரஸுக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் சேர்ந்தால் சட்டப்படி எல்லாம் கொடுத்தாக வேண்டும்: தனி வகுப்பு, தனி ஆசிரியர். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கோ, ஒதுக்கிய தொகையைப் பங்கு போட்டதில் கையில் விழுவதுதான்.

ஒருநாள் ஐரீனின் சமையலறையில் அதைச் சொல்லிவிட்டாள்.

ஐரீன் முட்டைக்கோஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இங்க நம்ம கோவில் பள்ளிக்கூடத்துல சிஸ்டர் அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. சாப்பாட்டு நேரத்துல நாலு பொண்ணுங்க அவளுக்கு இடம் புடிச்சு வைக்குதுங்க. அங்க யாரு வைப்பா?"

"அது எனக்குத் தெரியாது ஐரீன். ஆனா இப்படியே வேன்ல வந்து போய்ட்டிருந்தா, அவ பெரியவளானப்புறமும் நீதான் அவளுக்காகப் பேசணும்."

"உன் பொண்ணா இருந்தா அனுப்புவியா?"

டோலோரஸுக்குப் பிள்ளை கிடையாது. "அனுப்புவேன்" என்றாள்.

செப்டம்பரில் ரெனாட்டா அரசுப் பள்ளியின் மஞ்சள் பேருந்தில் ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். பங்குச்சாமி பூசை முடிந்து வாசலில் டோலோரஸை நிறுத்தினார்.

"சொல்லிக்குடுக்க வந்த வண்டின்னு நெனச்சேன்மா. புள்ளை புடிக்க வந்த வண்டின்னு தெரியாமப் போச்சு."

"சாமி, அந்தப் புள்ளைங்களுக்கு எது நல்லதோ அதைத்தான்…"

"எங்களுக்கும் நல்லது தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கைகொடுக்கத் திரும்பிவிட்டார்.

ஆலை ஆட்களைக் குறைத்தது. இளம் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. சில ஆண்டுகளில் பிள்ளைகள் இல்லாமல் கோவில் பள்ளியை மூடினார்கள். ஆலை காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆலையை மீன் விருந்தில் முறைத்துப் பார்க்க முடியாது. டோலோரஸை முடிந்தது. ஐரீன் சண்டை போடவில்லை. வேறு வரிசைக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். மறு வருடமே நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றியது. ஆசிரியைகள் உள்ளே போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இந்தப் பள்ளிக் கதவை ஏற்கெனவே பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

ரெனாட்டாவுக்குப் பதினெட்டு வயதானபோது ஐரீன் புற்றுநோயில் இறந்தாள். அடக்கப் பூசையில் வேத வாசகத்தை ரெனாட்டாதான் வாசித்தாள். நிதானமாக, ஒரு சொல்லும் விழுங்காமல். கடைசி வரிசையில் இருந்த டோலோரஸ் ஒவ்வொரு ஒலிக்கும் தன்னையறியாமல் நாக்கை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ரெனாட்டா தட்டோடு அவளிடம் வந்தாள்.

"வந்ததுக்கு நன்றி, மிஸ். அம்மா உங்களப் பத்தி ஒருநாளும் தப்பாப் பேசினதில்ல." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுமே பேசினதில்ல."

"நல்லா வாசிச்சே ரெனாட்டா."

"அந்த அரசுப் பள்ளிக்கூடத்துல நல்லாச் சொல்லிக்குடுத்தாங்க. சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். வருசம் பூரா பாத்ரூம்ல உக்காந்து சான்ட்விச் தின்னேன். அம்மாகிட்ட சொல்லல. நீங்க சொன்னதக் கேட்டு அனுப்புனாங்கள்ல, அழுவாங்கன்னு."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பேசவைத்த டோலோரஸ் "மன்னிச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"எதுக்கு மிஸ்? எது சரின்னு எனக்கே தெரியல" என்றாள் ரெனாட்டா. சித்தி கூப்பிடவும் போய்விட்டாள். அந்தக் கோடையில் சித்தியோடு சிகாகோவுக்குக் குடிபோனாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றுவிட்டது.

ஓய்வு பெறும்வரை டோலோரஸிடம் தாய்மார்கள், பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டிலேயே வைத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் தாய்மார்களும் கேட்டார்கள். எங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை ஒளிக்காமல் சொல்வாள். "உங்க பொண்ணா இருந்தா?" என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டாள். "அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல நின்னு பாத்துட்டு வாங்க" என்பாள்.