சக்கரமா, கையா

பட்டறையில் அவருக்குப் பூஜ்யம் என்றுதான் பெயர். சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமா என்று காட்டும் பேலன்சிங் மெஷினில் அதைச் சுழலவிட்டால், திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம் வருகிற வரைக்கும் மனுஷன் அதை விட்டு நகரமாட்டார். "அஞ்சு கிராம் வித்தியாசம்தானே, விடுங்கண்ணே" என்று கூட இருக்கிறவர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "அவளவளுக்கு என்னென்னமோ வாய்க்குது, எனக்கு வாய்ச்சது ஒரு பூஜ்யம்" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். அதற்கும் வெட்கமில்லாமல் சிரிப்பார்.

காண்ட்ராக்டர் ஒருவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அன்று வந்து நின்றது. நான்கும் புது டயர். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி டயர்களை ரிம்மில் ஏற்றினார். டயரும் ரிம்மும் சேருகிற இடத்தில் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எந்த வண்டி வந்தாலும் அவருக்கு அந்தக் கோடு போட்டாக வேண்டும். சக்கரம் நட்டநடுவில் உட்காரும்படி மெஷினில் மாட்டி, உள்பக்கம் சின்னச் சின்ன எடைகளை ஒட்டிச் சுழலவிட்டார். வேகம் கூடக் கூட ரிம்மின் கம்பிகள் எல்லாம் கரைந்து ஒரே வெள்ளித் தட்டாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்குப் பட்டறை, சத்தம், பசி எதுவும் நினைவிருக்காது. கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரே ஆள் என்று கேலி செய்வார்கள். நான்கு சக்கரத்துக்கும் பூஜ்யம் வந்தது.

உடனே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டினால் ஆளரவமில்லாத அகலச் சாலை. பக்கத்து சீட்டிலிருந்து காண்ட்ராக்டர், "நல்லா மிதிங்க, இதுக்கெல்லாம் பயந்தா எப்படி" என்றார். சொல்லவா வேண்டும்? பூஜ்யம் மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, இரண்டு பக்கத்து மரங்களும் பச்சைப் புகையாகிவிட்டன. தரையை விட்டுக் கிளம்பிவிட்டோமோ என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார். ஆசை அடங்காமல் வண்டியை நிறுத்தி இன்னொரு தரமும் அதே மாதிரி மிதித்தார். அப்போதுதான் ஸ்டீரிங்கில் அது தெரிந்தது. தூங்குகிற பூனையின் வயிற்றில் கை வைத்த மாதிரி, மிக மெல்லிய ஒரு நடுக்கம்.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா சார்?"

காண்ட்ராக்டர் இடம் மாறி உட்கார்ந்து தானே ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லியே. உங்களுக்குப் பிரமைங்க."

பூஜ்யம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். மெஷின் பூஜ்யம் காட்டியது, வண்டிக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் நடுங்குவது எது? அவருடைய அப்பாவுக்கு நடுக்குவாதம் கையில்தான் ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுகிற மாதிரி இடது கட்டைவிரல் அசையும். போகப் போக சட்டைக்குப் பொத்தான்கூடப் போட முடியாமல் குழந்தை மாதிரி நின்றார். "வண்டி இன்னிக்கு இங்கயே இருக்கட்டும் சார், காலையில வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

சாயங்காலம் தையல் மெஷின் முன்னால் இருந்த மனைவியிடம், கேட்காமலே ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தார். முதல் முயற்சியிலேயே நுழைந்துவிட்டது. போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"என்ன, இன்னிக்கு ரொம்ப அக்கறை?" என்றாள்.

"சும்மாதான்."

"சும்மா இருக்கற மூஞ்சியா இது?" என்று கேட்டுவிட்டு அவள் தைக்கத் தொடங்கினாள்.

காலையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரம் ஒன்றைக் கையால் மெதுவாகத் திருப்பினார். சாக்பீஸ் கோடு ரெண்டாக உடைந்து, ரிம்மில் ஒரு துண்டும் டயரில் நாலு விரல் தள்ளி இன்னொரு துண்டுமாக இருந்தது. இன்னொரு பின்சக்கரத்திலும் அப்படித்தான். சோப்புத் தண்ணீர் காய்வதற்குள் அந்த அசுர வண்டியை மிதி மிதி என்று மிதித்தால் டயர் ரிம்மிலேயே வழுக்கத்தான் செய்யும், ரிம்மில் ஒட்டிய எடையெல்லாம் டயருக்குப் பொருந்தாமல் போகும். பச்சைப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டு அவரே செய்த கூத்து. நடுங்கியது வண்டிதான், நான் இல்லை. பட்டறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தார். தன் தவறுக்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது.

சோப்பு நன்றாகக் காய்ந்திருந்தது. எடைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தார். காண்ட்ராக்டர் வந்ததும் மறுபடி அதே சாலை. இந்த முறை வேகத்தைப் பதமாக ஏற்றினார். லேசான பனி, விளிம்பு தெரியாத வெளிச்சம், அதற்குள் கார் போவதே தெரியாமல் போனது. ஸ்டீரிங் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. வலது கையை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, இடது கையை மடியில் போட்டு ஓய்வாகச் சாய்ந்தார். இத்தனை நிம்மதி அவருக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை.

அத்தனையும் அடங்கிய பிறகு, மடியில் ஏதோ ஒன்று அடங்காமல் இருந்தது. குனிந்து பார்த்தார். இடது கட்டைவிரல் ஆள்காட்டி விரலை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று நினைத்தார், நின்றது. சாலையைப் பார்த்தார், மறுபடி தொடங்கியது. பயமாக இருந்தது. மனைவி பக்கத்தில் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"என்னங்க, இன்னும் நடுங்குதா?" என்று கேட்டார் காண்ட்ராக்டர்.

அவர் அந்தக் கையையும் எடுத்து ஸ்டீரிங்கில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார்."