சிவப்புப் பூவும் ஒரு பிளாப்பியும்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எண்பதுகளின் கடைசியில், தென்காசியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மகள் செய்த ஃபைல்கள் ஒரே பிளாப்பி வட்டில் அடங்கினால்தான் மெட்ராஸில் ஒரு வேலைக்கு விண்ணப்பத்தோடு அனுப்ப முடியும் என்ற நிலை. சுருக்கும் மென்பொருள் இரண்டு இருந்தன. எது நல்லது என்று குற்றாலம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன்: சிவப்புப் பூ வந்தால் முதலாவது, வெள்ளை வந்தால் இரண்டாவது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்:

"ஏட்டி, சிவப்பு வந்திருக்கு. முதல்ல உள்ளதையே போடு."

"சுருக்குனா போதுமாப்பா? திரும்ப விரியணும்லா!" என்றவள் இரண்டிலும் சுருக்கி, விரித்துப் பார்த்தாள். பூ சொன்னதில் பாதி ஃபைல் திரும்பக் கிடைக்கவில்லை. மற்றதில் சுருக்கி அனுப்பினாள். வேலை கிடைத்தது.

தெருவே, சாமி பூ கொடுத்து வந்த வேலை என்றது. நானும் தலையாட்டிவிட்டேன்.

அவளுக்கு அறிவைக் கொடுத்தவரும் சாமிதான். ஆனாலும் இதைப் பிறரிடம் சொல்பவர்கள் மாற்றாமல் சொல்லுங்கள்: தேர்ந்தெடுத்தது பூ இல்லை, என் மகள்.